நியூயார்க் நகர சபையின் விதிகளை எழுதும் பேனா யார் கையில்?

2025 நவம்பர் 4 அன்று நியூயார்க்கில் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். மேயர் தேர்தலுக்கு இப்படி ஒரு கூட்டம் 1969க்குப் பிறகு வந்ததில்லை. எல்லோரும் சோஹ்ரான் மம்தானி ஜெயிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வாக்குச்சீட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஆறு கேள்விகள் இருந்தன, ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டியவை. அவற்றில் 2, 3, 4 என எண்ணிட்ட மூன்றும் நகர சபையின் 51 உறுப்பினர்கள் கையில் இருந்த மிகப் பெரிய அதிகாரத்தைப் பற்றியவை: தன் தொகுதியில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதில் அவர்களுக்கு இருந்த கடைசிச் சொல். சபையின் தலைமை இந்த மூன்றையும் கடுமையாக எதிர்த்தது. மக்கள் மூன்றுக்கும் ஆம் என்றார்கள்.

சபை எதிர்த்த ஒன்று எப்படி வாக்குச்சீட்டில் ஏறியது? அதை எழுதியது யார்? மேயர் நியமித்த ஓர் ஆணையம். இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் அந்த நகரத்தின் தொண்ணூறு வருட அரசியல் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே நகர சபை உறுப்பினர்களைப் பற்றிய விதி மாறும்போதெல்லாம், விதியின் வாசகத்தைவிட, எழுதியவர் யார், அது எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது, அதனால் யாருக்கு வேலை நிலைக்கிறது என்ற மூன்று கேள்விகள்தான் முக்கியமாக இருந்திருக்கின்றன.

இந்த விதிகள் எழுதப்படும் இடம் சாசனம், முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஓர் அடிப்படைச் சட்டம் உண்டு. மேயருக்கு என்ன அதிகாரம், சபையில் எத்தனை பேர், அவர்கள் எத்தனை முறை நிற்கலாம், பட்ஜெட்டை யார் நிறைவேற்றுவது எல்லாம் அதில் இருக்கும். நியூயார்க்கில் அதைத் திருத்தப் பல வழிகள் உள்ளன. மேயர் ஓர் ஆணையம் அமைத்துக் கேள்விகளை மக்கள் முன் வைக்கலாம். சபையே சட்டம் இயற்றி ஆணையம் அமைக்கலாம். மக்கள் கையெழுத்து திரட்டி மனு போடலாம். சில விஷயங்களைச் சபை சாதாரணச் சட்டமாகவே மாற்றிவிடலாம், ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் அதிகாரத்தைக் குறைக்கிற மாற்றம் என்றால் மக்கள் வாக்கு கட்டாயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே மாநிலத் தலைநகரான ஆல்பனியில் உட்கார்ந்திருக்கும் மாநில சட்டமன்றம்.

இந்தச் சபை ஒரு காலத்தில் ஒன்றுக்கும் உதவாத சபையாக இருந்தது. ரப்பர் முத்திரைகூட ஒரு தடம் பதிக்கும், இது அதுவும் இல்லை என்று சொன்னவர் ஹென்றி ஸ்டெர்ன், அவரே அதன் உறுப்பினராக இருந்தவர். உண்மையான அதிகாரம் போர்ட் ஆஃப் எஸ்டிமேட் என்ற வாரியத்திடம் இருந்தது. மேயர், கணக்குத் தலைவரான கன்ட்ரோலர், நகர சபைத் தலைவர் ஆகிய மூவருக்கும் தலா இரண்டு ஓட்டு. நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளான மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகியவற்றின் தலைவர்களுக்குத் தலா ஒன்று. மொத்தம் 11 ஓட்டு. நிலம், ஒப்பந்தம், பட்ஜெட்டில் பெரும்பங்கு எல்லாம் இந்த எட்டுப் பேரின் மேஜையில் முடிந்துவிடும்.

இதில் என்ன கோளாறு என்றால், புரூக்ளினில் அப்போது ஏறத்தாழ 22 லட்சம் பேர், ஸ்டேட்டன் தீவில் மூன்றரை லட்சம். இரண்டு பகுதிக்கும் ஒரே ஒரு ஓட்டு. புரூக்ளினில் வசித்த சிலர் வழக்குப் போட்டார்கள். 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற கொள்கைக்கு இது விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வாரியம் அத்தோடு முடிந்தது.

அப்புறம் நகரமே தன்னைத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஃபிரெட்ரிக் ஸ்வார்ஸ் தலைமையிலான ஆணையம் சில மாதங்களில் புதுச் சாசனத்தைத் தயார் செய்தது, டேவிட் டின்கின்ஸ் மேயராக வென்ற அதே நாளில், 1989 நவம்பர் 7 அன்று, மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சபை 35 பேரிலிருந்து 51 பேராகப் பெரிதாக்கப்பட்டது. காரணம் வெளிப்படையானது: தொகுதி சின்னதானால் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் தங்கள் வேட்பாளரை ஜெயிக்க வைக்க முடியும். வாரியத்திடம் இருந்த பட்ஜெட், நில அதிகாரங்களின் பெரும்பகுதி இந்த 51 பேரிடம் வந்தது. 1991இல் புதிய தொகுதிகளில் முதல் தேர்தல் நடந்தது. இன்று நியூயார்க் கவுன்சிலர் ஒரு பெரிய மனிதர் என்றால் அந்தப் பெருமை 1989இல் வந்தது.

இரண்டே வருடத்தில், அதாவது 1993இல், அந்தப் பெருமைக்குக் கத்தி வந்தது. அழகு சாதன நிறுவனக் குடும்பத்தின் வாரிசான ரொனால்ட் லாடர், 1989இல் குடியரசுக் கட்சியின் மேயர் வேட்பாளராக முயன்று தோற்றவர், சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு மனு இயக்கம் நடத்தினார். மேயரோ கவுன்சிலரோ தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்பதே கோரிக்கை. மக்களில் 59 சதவீதம் ஆம் என்றார்கள். சபைக்கு இது பிடிக்கவில்லை. 1996இல் இரண்டை மூன்றாக்கலாமா என்று மக்களிடமே கேட்டுப் பார்த்தது, மக்கள் இல்லை என்றார்கள். 2001இல் விதி முழுதாகக் கடித்தபோது சபையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒரே தேர்தலில் வெளியேற வேண்டியிருந்தது. அனுபவம் ஒரே நாளில் காலியானது, உண்மைதான். ஆனால் எத்தனையோ வருடம் அசையாத நாற்காலிகளில் புது ஆட்கள் உட்கார்ந்ததும் அதனால்தான்.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வலிக்கும் இடம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தது, அக்டோபர் தொடக்கத்தில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் தான் மூன்றாம் முறை நிற்க விரும்புவதாகச் சொன்னார், நிதி நெருக்கடியில் நகரத்துக்கு அனுபவம் வேண்டும் என்பது வாதம். அவரே பழைய நாட்களில் இந்த வரம்பை ஆதரித்தவர். இந்த முறை மக்களிடம் போகவில்லை. சபையே சட்டம் போட்டு இரண்டை மூன்றாக மாற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். அக்டோபர் 23 அன்று ஓட்டெடுப்பு: 29க்கு 22. அந்த 29 பேரில் பலர் அடுத்த வருடம் வரம்பு முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். தங்கள் வேலையைத் தாங்களே நீட்டித்துக்கொண்டார்கள், மக்கள் இரண்டு முறை நேராகச் சொன்ன பதிலைத் தாண்டி.

வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மக்கள் வாக்கால் வந்த சட்டம் என்பதால் அதற்குத் தனி மேலிடம் கிடையாது, சபை நினைத்தால் அதை மாற்றலாம். சட்டப்படி சரியாக இருக்கலாம். பதவி வரம்பு தேர்ந்தெடுக்கப்பட்டவரின் அதிகாரத்தைக் குறைப்பதோ கூட்டுவதோ இல்லை, அவர் மறுபடி நிற்கலாமா என்பதை மட்டும் சொல்கிறது, ஆகவே கட்டாய மக்கள் வாக்கும் தேவைப்படவில்லை. எழுதப்பட்ட விதியில் இருந்த இந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் எல்லாம் நடந்தது.

2009இல் புளூம்பெர்க் பத்து கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் செலவழித்தும் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் வென்றார். 2010இல் மக்களிடம் மறுபடி கேள்வி வந்தது, ஏறத்தாழ 74 சதவீதம் பேர் மூன்றைத் திரும்ப இரண்டாக்கினார்கள். இதில் அதிகம் பேசப்படாத, ஆனால் நான் மிக மதிக்கும் ஒரு வாசகம் இருக்கிறது: பதவியில் இருப்பவர்களின் வரம்பை அவர்களே இனி மாற்ற முடியாது. அதாவது சபை நாளைக்கு வரம்பை மாற்றலாம், ஆனால் அதன் பலன் இன்று உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது. 2008இன் இடுக்கை அடைத்தது இந்த ஒரு வரிதான். (அந்த 2010 திருத்தத்திலும் ஒரு சமரசம் உண்டு, அப்போது சபையில் இருந்தவர்களுக்கு மூன்றாம் முறை அனுமதிக்கப்பட்டது. அதனால்தான் சிலர் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள்.)

இதே தேதிக் கணக்கு சம்பளத்திலும் உண்டு. கவுன்சிலர் சம்பளத்தைக் கவுன்சிலர்களே சட்டம் போட்டு உயர்த்திக்கொள்கிறார்கள், அதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் தேர்தல் முடிந்த நாளிலிருந்து அந்த வருடக் கடைசி வரை, அதாவது போகிறவர்கள் இன்னும் நாற்காலியில் இருக்கும் அந்த இடைவெளியில், உயர்வு நிறைவேற்றக் கூடாது என்று சாசனம் தடுக்கிறது. 2016 பிப்ரவரியில் 1,12,500 டாலரிலிருந்து 1,48,500 டாலராக உயர்த்தினார்கள். ஆலோசனைக் குழு பரிந்துரைத்ததைவிட இது பத்தாயிரம் டாலர் அதிகம், அதற்காக நல்ல திட்டு வாங்கினார்கள். ஆனால் அதோடு சேர்ந்து வந்த மாற்றங்கள் நல்லவை: வெளியில் வேறு வேலை பார்த்துச் சம்பாதிப்பதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள், குழுத் தலைவர் என்பதற்காகச் சபையை நடத்தும் ஸ்பீக்கர் கொடுக்கும் கூடுதல் படியையும் ஒழித்தார்கள். அந்தப் படி சின்ன விஷயமில்லை. யாருக்கு எவ்வளவு என்று ஒருவர் முடிவு செய்தால், மற்ற ஐம்பது பேரின் ஓட்டு அவர் பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

சபைக்குள் யார் நுழைகிறார்கள் என்பதையும் சாசனம்தான் முடிவு செய்கிறது. 1936இல் மேயர் லாகார்டியா காலத்துச் சாசனம் விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தது. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார், ஏறத்தாழ 75,000 ஓட்டுக்கு ஓர் இடம். எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஒரே கட்சி மொத்தமாக வாரிக்கொண்டிருந்த சபைக்குள் குடியரசுக் கட்சியினர், தொழிலாளர் கட்சியினர், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் வந்தார்கள். 1941இல் ஆடம் கிளேட்டன் பவல் வந்தார், நகர சபையின் முதல் கறுப்பின உறுப்பினர். 1943இல் ஹார்லெமிலிருந்து பெஞ்சமின் டேவிஸ் வந்தார், அவர் கறுப்பினத்தவர், கம்யூனிஸ்ட். பனிப்போர் தொடங்கியதும் அதையே பயமுறுத்தலாக வைத்து 1947இல் இந்த முறையை ஒழித்தார்கள். 1949இல் வந்த சபையில் 25 பேர், அவர்களில் 24 பேர் ஜனநாயகக் கட்சி. இரண்டே வருட இடைவெளி, அதே மக்கள், அதே நகரம். விதி மட்டும் மாறியது.

வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை 2019 சாசனத் திருத்தத்தில் பாதி மட்டும் திரும்பி வந்தது. கட்சிக்குள் நடக்கும் தேர்தலுக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும், ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம், தொகுதிக்கு ஒருவர்தான். அதற்கு முந்தைய வருடம் மக்கள் ஏற்ற இன்னொரு திருத்தம் பணத்தைப் பற்றியது: உள்ளூர்க்காரர் பத்து டாலர் கொடுத்தால் நகரம் எண்பது டாலர் சேர்த்துக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து 2021இல் சபையின் முகத்தை மாற்றின, அந்த வருடம் வரம்பு முடிந்து காலியான இடங்கள் நிறைய இருந்ததும் உதவியது. 51 பேரில் 31 பேர் பெண்கள், பெண்கள் பெரும்பான்மையானது அதுவே முதல் முறை. தெற்காசியர்களான ஷஹானா ஹனிஃப், சேகர் கிருஷ்ணன் இருவரும் அந்தத் தேர்தலில் வந்தவர்கள், அவர்களுக்கு முன் தெற்காசியர் யாரும் அந்தச் சபையில் உட்கார்ந்ததே இல்லை.

சரி, 2025க்கு வருவோம். நிலத்தைப் பற்றிய முடிவுக்குச் சாசனத்தில் நீண்ட பாதை இருக்கிறது. உள்ளூர் சமூகக் குழு 60 நாள், போரோ எனப்படும் பெரும்பகுதியின் தலைவர் 30 நாள், நகரத் திட்ட ஆணையம் 60 நாள், சபை 50 நாள். ஏறத்தாழ ஏழு மாதம், அதற்கு முன் காகித வேலைக்கு ஆகும் வருடங்கள் தனி. சபையின் ஓட்டுதான் கடைசி. ஆனால் சாசனத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒரு வழக்கம் அந்தச் சபையில் வேரோடியிருந்தது: எந்தத் தொகுதியில் கட்டடம் வருகிறதோ அந்தத் தொகுதி உறுப்பினர் சொன்னபடி மற்ற ஐம்பது பேரும் ஓட்டுப் போடுவார்கள். இன்று உன் தொகுதியில் நான் தலையிடவில்லை, நாளை என் தொகுதியில் நீ தலையிடாதே. 2021இல் ரத்த வங்கிக் கட்டட விவகாரத்தைப் போல இதை மீறியது அபூர்வம். ஆக, 51 பேர் கொண்ட சபைக்கு 1989இல் கொடுத்த அதிகாரம் நடைமுறையில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவருடைய அதிகாரமாகச் சுருங்கிவிட்டது.

ஹார்லெமில் 145ஆம் தெருவில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்று வந்தது. தொகுதி உறுப்பினர் எதிர்த்தார், அதில் வரும் வீடுகள் அந்தப் பகுதி மக்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவர் கவலை, நியாயமான கவலைதான். ஓட்டு விழுமுன்பே கட்டுபவர் மனுவைத் திரும்பப் பெற்றார், அந்த இடத்தில் லாரி நிறுத்துமிடத்தைத் திறந்தார். ஏற்கெனவே மூச்சுத்திணறல் நோய் அதிகமுள்ள பகுதி அது. அடுத்த உறுப்பினர் வந்து, பேச்சு நடந்து, 2025இல்தான் மாற்றிய திட்டம் நிறைவேறியது. நடுவில் மூன்று வருடம், வீடும் இல்லை, காற்றும் இல்லை.

2025 திருத்தங்கள் இதைத்தான் குறிவைத்தன. அரசுப் பணத்தில் கட்டும் குறைந்த வாடகை வீடுகளுக்கும், அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவாகக் கட்டிய 12 சமூக வட்டங்களில் வரும் திட்டங்களுக்கும் குறுக்கு வழி, அங்கே சபையின் ஓட்டே கிடையாது. சின்ன அளவு வீட்டுத் திட்டங்களுக்கும் வேகமான பாதை, அதிலும் பெரும்பாலும் திட்ட ஆணையமே முடிவு செய்யும். அப்புறம் முறையீட்டு வாரியம் ஒன்று: மேயர், சபை ஸ்பீக்கர், சம்பந்தப்பட்ட போரோவின் தலைவர். குறைந்த வாடகை வீடுகள் உள்ள திட்டத்தைச் சபை நிராகரித்தால் இந்த மூவரில் இருவர் சேர்ந்து அதை மாற்றலாம். இதுவரை மேயருக்கு இருந்த வீட்டோவின், அதாவது சபையின் முடிவைத் தடுக்கும் அதிகாரத்தின், இடத்தில் இது வருகிறது.

சபை சொன்ன மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் கையில் தடுக்கும் அதிகாரம் இருந்ததால்தான் கட்டுபவர்கள் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள், கூடுதல் மலிவு வீடு, பள்ளி இடம், பூங்கா, தொழிலாளருக்கு நல்ல கூலி எல்லாம் அந்த மேஜையில் பேசி வாங்கியவை. 2024 டிசம்பரில் நகரம் முழுவதற்குமான வீட்டு விதி மாற்றத்தை 31க்கு 20 என்று இதே சபைதான் திருத்திப் பேரம் பேசி நிறைவேற்றியது, ஆக வீடு கட்டவே விடாத சபை என்று சொல்வது அநியாயம். இந்தப் பேரம் பேசும் பலம் குறையப் போகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த அதிகாரம் தொகுதிக்குத் தொகுதி ஒரே மாதிரி பயன்படவில்லை. சில தொகுதிகள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வீடு ஏற்றுக்கொண்டன, சில ஏறக்குறைய ஒன்றும் ஏற்கவில்லை, வாடகை உயர்வோ எல்லோர் தலையிலும் விழுந்தது. நான் அங்கே வாக்காளராக இருந்திருந்தால் ஆம் என்றே குறித்திருப்பேன்.

ஆனால் அந்தக் கேள்விகள் வந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: மேயர் நியமித்த ஆணையம் கேள்வி வைத்தால் அந்தத் தேர்தலில் சபையோ வேறு யாரோ வைக்கும் சாசனக் கேள்விகள் வாக்குச்சீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். 1998இல் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் விளையாட்டு அரங்கத்தை மன்ஹாட்டனுக்கு மாற்ற நகரப் பணம் செலவாகலாமா என்று மக்களிடம் கேட்கச் சபை முயன்றது, மேயர் ஜூலியானி ஆணையம் ஒன்றை அமைத்தார், சபையின் கேள்வி காணாமல் போயிற்று. 2024இல் மேயர் எரிக் ஆடம்ஸுக்கும் சபைக்கும் போலீஸ் விவகாரத்தில் பெரிய மோதல். ஜனவரியில் அவரது வீட்டோவை 42க்கு 9 என்று சபை தள்ளியது. பிறகு, மேயர் நியமிக்கும் இருபது உயர் அதிகாரிகளுக்குச் சபை ஒப்புதல் வேண்டும் என்று ஒரு கேள்வியை மக்கள் முன் வைக்கத் தயாரானது. மேயர் உடனே ஆணையம் அமைத்தார். இரண்டு மாத அளவில் அவசரமாக வேலை செய்து அவர்கள் வைத்த கேள்விகளில், பொதுப் பாதுகாப்புச் சட்டங்களில் சபை ஓட்டுப் போட முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு சட்டத்துக்கும் செலவுக் கணக்கு முன்கூட்டியே வேண்டும் என்பதும் இருந்தன. ஐந்தில் நான்கு ஜெயித்தன. சபையின் சொந்தக் கேள்வி அந்த வருடம் மக்களைப் பார்க்கவே இல்லை.

2008இல் பேனா சபை கையில் இருந்தது, அவர்கள் தங்கள் நாற்காலியை நீட்டித்துக்கொண்டார்கள். 2024இல் பேனா மேயர் கையில் இருந்தது, அவர் எதிராளியின் கேள்வியை அழித்தார். இரண்டுமே அந்தந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். சபையின் இடுக்கை 2010இல் மக்கள் அடைத்துவிட்டார்கள். மேயரின் இடுக்கை நகரத்தால் அடைக்க முடியாது, அந்தப் பிரிவு சாசனத்தில் இல்லை, மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. அதை மாற்றினால் ஒரே தேர்தலில் இருதரப்புக் கேள்விகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், சில சமயம் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கும், குழப்பம் வரும். வரட்டும், வாக்காளர் படித்துத் தேர்ந்துகொள்வார். இரண்டில் ஒன்றைக் கண்ணில் காட்டாமலே வைப்பதைவிட அது மேல்.

ஆல்பனிக்கு இதில் அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நகரத்திலோ புதிய பாதைகளுக்கான வேலை நடக்கிறது. வீடு குறைவாகக் கட்டிய 12 வட்டங்கள் எவை என்ற பட்டியலை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். முதல் பட்டியலில் எந்தெந்தப் பகுதிகள் இருக்கின்றன என்று தெரியும்போது, எந்த உறுப்பினர்கள் தங்கள் தொகுதி நிலத்தின் மீதான கடைசிச் சொல்லை முதலில் இழக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.